துண்டுத் துணியும் கட்டில் தலைமாடும்

கண்டிப் பக்கத்தில் சோபாத் துணி, திரைச்சீலைத் துணி விற்கும் ஒரு வாசகரைச் சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்தே கடைக் கதையைத் தொடங்கிவிட்டார். “நானா, ரோல் முடியிற நேரம் ஒரு யார், ஒன்றரை யார், ரெண்டு யார் எண்டு மிஞ்சுது. பாதி விலைக்குப் போட்டாலும் போகுதில்ல. ராக்கையில ஒரு தட்டு முழுக்க அதுதான். அதுக்குள்ள என்ட காசு கிடக்கு” என்றார்.

துணி வியாபாரம் செய்யும் எல்லோருக்கும் உள்ள நோய் இது. எனக்கும் இருந்தது. அதற்கு நான் கண்ட ஒரு வழியை இந்த வாரம் எழுதுகிறேன். கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் ஸ்பொஞ்சு வைத்துத் துணி போர்த்திய பலகை இருக்கிறதே, கடையில் ‘ஹெட்போர்ட்’ என்று கேட்பார்கள். அதைக் குறைந்த செலவில் செய்யும் முறைதான் பாடம். வீட்டுக்கு ஒன்று செய்ய நினைப்பவருக்கும் இது உதவும். ஆனால் விற்பதற்குச் செய்யப் போகிறவர் நடுவில் உள்ள கணக்கைத் தாண்டிப் போகக்கூடாது. நான் பணம் விட்ட இடம் அது.

2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. புதுக் கட்டில் செட் வாங்கப் போனவர்கள் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, வீட்டில் உள்ள பழைய கட்டிலுக்கே பொலிஷ் போட்டார்கள். 2023 இல் என் மகளின் கல்யாணத்துக்கு நானும் அதைத்தான் செய்தேன். வாப்பா காலத்துப் பலா மரக் கட்டில், காலும் சட்டமும் இரும்பு போல இருந்தது. மகளுக்குக் குறை ஒன்றுதான்: தலைமாடு பழைய மோஸ்தர், சாய்ந்திருந்தால் முதுகு வலிக்கும். எங்கள் ஊரில் வாகன சீட்டுக்குக் குஷன் வேலை செய்யும் ஒரு பாஸ் நானா இருக்கிறார். அவரைப் பிடித்து, கடையில் மிஞ்சிய சாம்பல் நிறத் துணியால் ஒரு ஹெட்போர்ட் செய்து அந்தப் பலா மரத் தலைமாட்டின் மேலேயே பூட்டினோம். கல்யாணத்துக்கு வந்த பெண்கள் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள். அதோடு எனக்கு ஆசை பிடித்தது. பத்து செய்து கடையில் வைப்போம் என்று இறங்கினேன்.

பலகையிலிருந்து தொடங்குங்கள்

ப்ளைவூட் ஷீட் 8 அடிக்கு 4 அடி, அதாவது 96 அங்குலத்துக்கு 48 அங்குலம். நம்மிடம் அதிகம் புழங்கும் பெரிய கட்டிலின் மெத்தை அகலம் 5 அடி. பக்கத்துக்கு ஓர் அங்குலம் விட்டால் ஹெட்போர்டின் அகலம் 62 அங்குலம். உயரம் 28 அங்குலம் இருந்தால் கம்பீரமாக இருக்கும் என்று நான் முடிவு செய்தேன். பத்துக்கும் அந்த அளவையே ஹாட்வெயார் கடையில் கொடுத்து வெட்டச் சொல்லிவிட்டேன்.

48 அங்குல அகலத்தில் 28 ஒரு தடவைதான் போகும். ஒரு ஷீட்டில் ஒரு பெரிய பலகைதான் வந்தது. பத்து ஹெட்போர்டுக்குப் பத்து ஷீட் போய்விட்டது. உயரத்தை 23¾ அங்குலமாக வைத்திருந்தால் ஒரு ஷீட்டில் இரண்டு வந்திருக்கும், ஐந்து ஷீட் போதும். அந்தக் கால் அங்குலம் வாள் தின்னும் இடம், அதை மறந்து 24 என்று எழுதிக் கொடுத்தால் இரண்டாவது பலகை குட்டையாக வரும். பாஸ் நானா வந்து குவியலைப் பார்த்துவிட்டு, “தம்பி, நீங்க கட்டில அளந்தீங்க, ஷீட்ட அளக்கல்ல” என்றார். நாலு அங்குலக் கம்பீரத்துக்கு ஐந்து ஷீட் விலை கொடுத்தேன். மெத்தை போட்டு, தலையணை வைத்த பிறகு அந்த நாலு அங்குலம் யார் கண்ணிலும் படவில்லை.

62 அங்குலத்தை வெட்டிய பின் ஷீட்டின் மறு முனையில் 34க்கு 48 அங்குலத் துண்டு ஒன்று மிஞ்சும். 4 அடிக் கட்டிலுக்கு அதில் ஒரு பலகை எடுக்கலாம். ஆனால் அதை வெட்டும் முன் உங்கள் ஊரில் 4 அடிக் கட்டிலுக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஒற்றைக் கட்டில், அதாவது 3 அடி மெத்தைக்கு 38க்கு 23¾ வெட்டினால் ஒரு ஷீட்டில் நாலு வரும்.

12 மில்லிமீற்றர் ப்ளைவூட் தாராளம். மலிவு என்று எம்.டி.எஃப். வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஈரம் பட்டால் ஊதிவிடும், விளிம்பில் ஆணியோ ஸ்க்ரூவோ போட்டால் பிளக்கும். கடலோர ஊர்களிலும் மழை அதிகமான ஊர்களிலும் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒன்று மட்டும் செய்பவர் புது ஷீட் வாங்கவே தேவையில்லை. கழற்றிய அலுமாரியின் பின்பலகை, பழைய கதவுப் பலகை, எது நேராக இருக்கிறதோ அது போதும். கறையானோ பூச்சித் துளையோ இருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணி போர்த்திய பிறகு உள்ளே நடப்பது தெரியாது.

துணிக் கணக்கு

இது துணிக்கடைக்காரருக்கு மிக முக்கியமான பகுதி. 2 அங்குல ஸ்பொஞ்சு, அரை அங்குலப் பலகை, பின்னால் மடித்து அடிக்க 2½ அங்குலம். ஒரு பக்கத்துக்கு 5 அங்குலம், இரண்டு பக்கத்துக்கு 10. ஆகவே 62 அங்குலப் பலகைக்கு 72 அங்குலத் துணி. சரியாக 2 யார். உயரத்துக்கு 24உம் 10உம் 34 அங்குலம். சோபாத் துணியின் அகலம் பெரும்பாலும் 54 அங்குலம் என்பதால், துணியைப் படுக்கை வாட்டில் போட்டால் ஒட்டுத் தையல் இல்லாமல் ஒரே துண்டில் முடிந்துவிடும். மிஞ்சும் 20 அங்குலப் பட்டியில் பொத்தான் போர்த்தலாம், அதே நிறத்தில் குஷன் உறை தைத்துக் கூட விற்கலாம்.

பலகையை 64 அங்குலமாக்கினால் 2 யார் போதாது. 6 அடி மெத்தைக்கு 74 அங்குலப் பலகை என்றால் 84 அங்குலத் துணி, அதாவது 2⅓ யார். கேட்பவர் எந்தக் கட்டில் வைத்திருக்கிறார் என்று கேட்காமல் விலை சொல்லக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இப்போது கண்டி வாசகரின் ஒரு யார் துண்டுக்கு வருவோம். ஒற்றைக் கட்டிலின் 38 அங்குலத்தோடு 10 ஐக் கூட்டினால் 48. அது 54 அங்குல அகலத்துக்குள் அடங்கும். உயரத்துக்கு வேண்டியது 34, ஒரு யார் என்பது 36. ஒரு யார் துண்டில் ஒற்றைக் கட்டில் ஹெட்போர்ட் ஒன்று தாராளமாக வருகிறது. பாதி விலைக்கும் போகாத துண்டு அது. பிள்ளைகளின் அறைக்கு, விடுதிக்கு, வாடகைக்கு விடும் அறைக்கு ஒற்றைக் கட்டில்தான் அதிகம் போகிறது. அவர் தன் ராக்கையைப் பிரித்து, ஒரு யார் துண்டுகளை ஒரு பக்கமும் 2 யார் துண்டுகளை மறு பக்கமும் அடுக்கினாலே எத்தனை ஹெட்போர்ட் அங்கே கிடக்கிறது என்று தெரிந்துவிடும்.

படுக்கை வாட்டில் போடும் போது ஓர் எச்சரிக்கை. கோடு போட்ட துணியானால் கோடு சாய்ந்து கிடக்கும். வெல்வட்டுக்கு மயிர் ஒரு பக்கம் படியும். ஒரு துண்டை மேலிருந்து கீழாகவும் இன்னொன்றைப் பக்கவாட்டிலும் போட்டால் ஒரே ரோல் துணி இரண்டு நிறமாகத் தெரியும். ஒரே அறைக்குப் போகும் இரண்டு கட்டிலுக்கு வெல்வட் போடுவதானால் இரண்டுக்கும் ஒரே வாட்டில் போடுங்கள்.

ரெக்சின் நல்லதா துணி நல்லதா என்று கேட்பார்கள். நம்மவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள். இளநிறத் துணியில் ஆறு மாதத்தில் இரண்டு வட்டம் தெரியும். ரெக்சினை ஈரத் துணியால் துடைத்துவிடலாம். ஆனால் லெதர் என்று சொல்லி விற்கும் மெல்லிய பீ.யூ. வகை நமது ஈரச் சுவாத்தியத்தில் சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். பின்பக்கம் நல்ல பின்னல் துணி உள்ள பீ.வி.சி. ரெக்சின் அதைவிட நின்று பிடிக்கும். துணியே வேண்டும் என்பவருக்குக் கடும் நிறத்தில் பொலியெஸ்டர் சோபாத் துணியைக் காட்டுங்கள். வீட்டில் சாய்ந்து வாசிக்கிறவர்களுக்கு நான் துணியைத்தான் சொல்வேன், ரெக்சின் வெக்கை.

உள்ளே வைப்பது

ஹெட்போர்டில் யாரும் உட்காருவதில்லை, சாய்வதுதான். ஆகவே சீட்டுக்கு வைக்கும் கடினமான விலை கூடிய ஸ்பொஞ்சு தேவையில்லை. நடுத்தரமானது போதும். மிக மலிவானதை வாங்கினால் விரலால் அழுத்தும் போதே பலகை தட்டுப்படும், அது ஒரு வருடத்தில் தட்டையாகிவிடும். 6 அடிக்கு 4 அடி ஸ்பொஞ்சில் இரண்டு பெரிய ஹெட்போர்டுக்கு வரும். அதன் மேல் ஒரு படை பொலியெஸ்டர் வாடிங் போட்டால் விளிம்பு உருண்டு, கடைச் சரக்கு போலத் தெரியும். வாடிங்குக்குச் செலவு குறைவு, தோற்றத்துக்கு அது கொடுப்பது அதிகம். இந்த இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வீட்டுத் தேவைக்குப் பழைய ஸ்பொஞ்சு மெத்தையை எடுக்கலாம். நடுப்பகுதிதான் பள்ளம் விழுந்திருக்கும், தலைப்பக்கமும் கால்பக்கமும் நன்றாகவே இருக்கும். 4 அங்குல மெத்தையானால் ஸ்பொஞ்சு வெட்டும் மெஷின் உள்ள கடையில் கொடுத்து 2 அங்குலமாகப் பிளந்து எடுங்கள். வெயிலில் இரண்டு நாள் காய வைத்து, மூட்டைப்பூச்சி இல்லை என்று உறுதி செய்த பிறகே உள்ளே வையுங்கள். விற்பனைச் சரக்கில் பழைய ஸ்பொஞ்சு வைப்பதானால் வாங்குபவரிடம் சொல்லி, விலையிலும் குறைத்துக் கொடுக்க வேண்டும். துணி போர்த்திய சாமானில் உள்ளே இருப்பது செய்தவனுக்கு மட்டுமே தெரியும். நனைந்த தானியத்தை அடியில் வைத்துக் காய்ந்ததை மேலே பரப்பியவரின் கதை நம் வியாபாரிகள் சிறு வயதிலேயே கேட்டதுதான்.

அடிக்கும் முறை

பலகையின் நாலு விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், கூர் இருந்தால் துணியை வெட்டும். ரப்பர் பசையை அங்கங்கே பூசி ஸ்பொஞ்சை ஒட்டுங்கள். பசை ஸ்பொஞ்சு அசையாமல் இருக்க மட்டும்தான், முழுக்கப் பூச வேண்டியதில்லை. அந்தப் பசை சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் யாரையும் சிகரெட் பிடிக்க விடாதீர்கள். ஸ்பொஞ்சை வெட்டப் பாண் வெட்டும் பற்கத்தி போதும்.

துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் விரித்து, அதன் மேல் வாடிங், அதன் மேல் ஸ்பொஞ்சு கீழே பார்க்கப் பலகை. இனி ஸ்டேப்ளர். பலரும் பிழை விடும் இடம் இது. ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக அடித்துக்கொண்டு போவார்கள். கடைசி மூலைக்கு வரும் போது துணி சுருங்கிக் கோணிக்கொண்டு நிற்கும். மேல் விளிம்பின் நடுவில் ஒன்று, இழுத்துக் கீழ் விளிம்பின் நடுவில் ஒன்று, பிறகு இடம், வலம். அங்கிருந்து இரு பக்கமும் மூலையை நோக்கிப் போக வேண்டும். ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு பின். ஐந்தாறு பின் அடித்ததும் நிமிர்த்தி முன்பக்கத்தைப் பாருங்கள். இழுப்புக் கூடினால் பின் அடித்த இடங்களில் குழி விழும், குறைந்தால் அலை தெரியும். மூலையைக் கடைசியில், பரிசுப் பொதி மடிப்பது போல மடித்து அடியுங்கள்.

8 அல்லது 10 மில்லிமீற்றர் பின் எடுங்கள். 12 மில்லிமீற்றர் பலகையில் அதைவிட நீளமானது மறு பக்கம் எட்டிப் பார்க்கும். கடல் காற்று உள்ள ஊரானால் துருப்பிடிக்காத பூச்சுள்ள பின் கேளுங்கள். தொடக்கத்துக்குக் கையால் அழுத்தும் ஸ்டேப்ளர் போதும். நான் முதலிலேயே காற்று ஸ்டேப்ளரும் கொம்ப்ரெசரும் விலை விசாரித்தேன், பாஸ் நானாதான் தடுத்தார். மாதத்துக்குப் பத்துப் பதினைந்து செய்கிறவருக்கு அது தேவையே இல்லை.

பொத்தான் வைக்க விரும்பினால் பலகையில் ஸ்பொஞ்சு ஒட்டும் முன்பே துளை போட்டுக்கொள்ளுங்கள். நீண்ட ஊசியில் நைலோன் நூல் கோத்து, பின்பக்கம் இழுத்து நூலை வளைத்து வளைத்து மூன்று பின் அடித்தால் கழராது. ஆழமான டயமண்ட் மடிப்பு வைத்தால் துணி கூடுதலாகப் பிடிக்கும், மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடும். பழகும் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கட்டிலில் ஏற்கெனவே மரத் தலைமாடு இருந்தால் அதன் பின்பக்கத்திலிருந்து ஸ்க்ரூ போட்டுப் பூட்டலாம். முக்கால் அங்குல மரமும் அரை அங்குலப் பலகையும் சேர்ந்தால் 1¼ அங்குலம். ஒரு அங்குல ஸ்க்ரூ போதும், நீளமானது ஸ்பொஞ்சுக்குள் வந்து குத்தும். தலைமாடே இல்லாத கட்டிலானால் சுவரில் மாட்டுவது நல்லது. முக்கால் அங்குல மரச் சட்டம் ஒன்றை நீளவாட்டில் சாய்வாகக் கீறினால் இரண்டு பட்டி கிடைக்கும். ஒன்றைச் சாய்வு மேலே பார்க்கச் சுவரில் ரோல் ப்ளக் போட்டு அடியுங்கள், மற்றதைச் சாய்வு கீழே பார்க்கப் பலகையின் பின்னால். ஒன்றன் மேல் ஒன்று கொழுவி நிற்கும், தூக்கினால் கழன்று வரும். பின்னால் முக்கால் அங்குல இடைவெளி கிடைப்பதால் மழைக்காலத்தில் சுவர் ஈரம் துணிக்கு ஏறாது. விடுதி வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு நன்மை: மூட்டைப்பூச்சி ஒளியும் இடங்களில் ஒன்று தலைமாட்டின் பின்பக்கம். அறை துப்புரவு செய்யும் பையன் வாரம் ஒரு முறை தூக்கிப் பார்க்கலாம். பின்பக்கத்தையும் மெல்லிய கறுப்புத் துணியால் மூடிக் கொடுங்கள், வேலையும் சுத்தமாகத் தெரியும். ஸ்பொஞ்சு எளிதில் எரியும் என்பதால் பிளக் பொயின்டை மூடிக்கொண்டு மாட்டக்கூடாது, நுளம்புத் திரியும் அதன் அருகில் வேண்டாம்.

விலை போடும் போது

இங்கே ரூபா எழுதவில்லை. நான் எழுதும் விலை பத்திரிகை உங்கள் கைக்கு வரும் போது மாறியிருக்கும். அளவுகள் மாறாது, உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் எதை எதைப் போட வேண்டும் என்பதில் நான் ஏமாந்தேன். பலகை, ஸ்பொஞ்சு, துணி, பாஸ் நானாவின் கூலி. இதற்கு மேல் என் இலாபம் என்று கூட்டி விலை ஒட்டிவிட்டேன். மூன்று மாதம் கழித்துக் கொப்பியைத் திறந்து பார்த்தபோதுதான் வாடிங், பசை, பின், நூல், பொத்தான், கறுப்புத் துணி, ப்ளக், ஸ்க்ரூ, பலகை வெட்டுக் கூலி, ஹாட்வெயார் கடையிலிருந்து ஏற்றி வந்த லொறிக் கூலி, வீட்டுக்குக் கொண்டு போய் மாட்டிய முச்சக்கர வண்டிக் கூலி, பையனின் பகல் சாப்பாடு எல்லாம் வெளியே வந்தன. தனித்தனியே பார்த்தால் சில்லறை. கூட்டினால் பலகை, ஸ்பொஞ்சு, துணி மூன்றின் தொகையில் மூன்றில் ஒரு பங்கு. நான் இலாபம் என்று நினைத்தது அதற்குள்ளேயே போய்விட்டது.

துண்டுத் துணிக்கு என்ன விலை போடுவது என்பது அடுத்த கேள்வி. இலவசம் என்று நினைத்துப் பூச்சியம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிழை. அந்தத் துண்டுகள் முடிந்த பிறகு ரோலிலிருந்து வெட்டும் போது பழைய விலைக்குக் கொடுக்க முடியாது, வாடிக்கையாளரோ பழைய விலையைத்தான் கேட்பார். துண்டானாலும் வாங்கிய விலையைப் போடுங்கள். பிறகு உண்மையிலேயே தேங்கிய நிறமானால் அதை மட்டும் குறைத்துக் கொடுக்கலாம், குறைத்தது எவ்வளவு என்றாவது தெரியும்.

பத்தை ஒரே தடவையில் செய்து அடுக்குவதும் வேண்டாம். ஹெட்போர்ட் இடம் பிடிக்கும் சாமான், தூசி படியும், வெயில் பட்ட பக்கம் நிறம் போகும். இரண்டு செய்து கடை முகப்பில் மாட்டுங்கள், ஒன்று பெரியது, ஒன்று ஒற்றை. துணித் துண்டுகளைக் கொத்தாகக் கட்டிப் பக்கத்தில் தொங்க விடுங்கள். வருபவர் நிறத்தைத் தெரிவு செய்து, கட்டில் அளவைச் சொல்லி, பாதி முற்பணம் கொடுத்த பிறகு வெட்டினால் உங்கள் காசு பலகையில் தூங்காது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். கல்யாணச் சீசனில் மட்டும் பலகையை முன்கூட்டி வெட்டி வைப்பேன், துணியை வெட்டமாட்டேன்.

முதல் தடவை அந்தப் பத்து ஷீட்டிலும் மிஞ்சிய 34க்கு 48 துண்டுகளைப் பற்றிக் கேட்பீர்கள். அவற்றில் 4 அடிக் கட்டிலுக்குப் பத்து ஹெட்போர்ட் செய்தோம். இன்றுவரை ஏழு போயிருக்கிறது. மூன்று கடையின் பின்பக்கம் பொலித்தீன் சுற்றி நிற்கிறது, இரண்டு சிவப்பு, ஒன்று பச்சை.